கொல்கத்தால கேமராவோட ஒரு சனிக்கிழமை

வியாழன் ராத்திரி

ஒருவழியா வந்து சேர்ந்தாச்சு. தம்பி குளிச்சுட்டு போர்வைய தலை வரைக்கும் இழுத்து மூடிட்டு படுத்துட்டான், இந்த ஊர் ஜனவரி குளிர் அவனுக்கு ஒத்துக்கல. நான் மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்த ட்ரிப்ல சனிக்கிழமை முழுக்க போட்டோவுக்கு மட்டும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சது, அன்னைக்கு ஒரு நாள் "அக்கா, இன்னுமா?"ன்னு கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். பார்ப்போம்.

பிளான் போடுறத பத்தி இன்னைக்கே எழுதிடறேன், சனிக்கிழமை ராத்திரி கை எழுதாது.

பெரிய ஊருக்குப் படம் எடுக்கப் போறவங்க எல்லாரும் விடியக்காலையையும் சாயங்காலத்தையும்தான் முதல்ல பிளான் பண்றாங்க. உதயம் எங்க பார்க்கிறது, அஸ்தமனம் எங்க பார்க்கிறது, முடிஞ்சுது, நடுவுல கிடக்கிற ஏழெட்டு மணி நேரத்துக்கு "சும்மா சுத்தலாம்". என்னைக் கேட்டா நாள் கெட்டுப் போறதே அந்த சும்மாலதான். நாலரைக்கு எந்திரிச்ச உடம்பு பதினோரு மணிக்குத் தொங்கிடும், பசி வேற, பேட்டரி பாதி, கார்டு பாதி, பாத்ரூம் எந்தப் பக்கம்னு தெரியாது, அந்த நேரத்துல கண்ணு எதையும் பார்க்காது, விரல் மட்டும் பட்டனை அமுக்கிட்டே இருக்கும். அப்புறம் சாயங்கால வெளிச்சம் வர்றப்ப ஆள் ரூம்ல தூங்கிட்டு இருப்போம்.

அதனால நான் மத்தியானத்தைத்தான் முதல்ல போடுவேன். பதினொன்னரைலேர்ந்து ரெண்டு வரைக்கும் எங்க இருக்கப் போறோம், அங்க நிழல் இருக்கா, உக்கார முடியுமா, பக்கத்துல நல்ல டாய்லெட் இருக்கா (ஆம்பளைங்க போடுற பிளான்ல இந்த வரி மட்டும் இருக்கவே இருக்காது), ஒரு மணி நேரம் சார்ஜ் போட பிளக் பாயின்ட் கிடைக்குமா. இது முடிவாயிடுச்சுன்னா அங்கேர்ந்து பின்னாடி நகர்ந்து காலையப் போடணும், முன்னாடி நகர்ந்து சாயங்காலத்தைப் போடணும். அவ்வளவுதான் என் முறை.

கொல்கத்தாக்கு நான் வச்சிருக்கிற மத்தியானம் பார்க் ஸ்ட்ரீட். அங்க சவுத் பார்க் ஸ்ட்ரீட் செமட்ரின்னு ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கு, 1767-ல திறந்தது, கம்பெனி காலத்து வெள்ளைக்காரங்க அவங்க பெரிய மனுஷங்களுக்கு பிரமிடும் மண்டபமும் தூணுமா கட்டி வச்சிருக்காங்க, மேல எல்லாம் பெரிய பெரிய மரம். அதே ரோட்டுல சாப்பாட்டுக் கடைக்கும் பஞ்சமில்ல. மத்தியானம் செட்.

அடுத்தது சூரியன். இதுல கொல்கத்தா ஒரு விளையாட்டு காட்டும், தெரியாம வந்தா சாயங்காலம் போச்சு. நாடு முழுக்க ஒரே கடிகாரம்தானே, அது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது. கொல்கத்தா 88 டிகிரியத் தாண்டி கிழக்கே கிடக்கு. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்னு போட்டா, இங்க சூரியன் கடிகாரத்தை விட கிட்டத்தட்ட 23 நிமிஷம் முந்தி ஓடுது. ஜனவரி நடுவுல இங்க உதயம் 6.18 வாக்குல, அஸ்தமனம் 5.11 வாக்குல. சென்னையில அதே தேதிக்கு ஆறு மணி வரைக்கும் சூரியன் இருக்கும். அஞ்சரைக்குப் போய் அஸ்தமனம் எடுக்கலாம்னு நம்ம ஊர் பழக்கத்துல நினைச்சு ஆத்தங்கரைக்குப் போனா கொசுதான் கிடைக்கும்.

ஆனா ஜனவரி நடுவுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. சூரியன் உச்சிக்கு வர்றப்பவும் (அது 11.45-க்கு, பன்னெண்டுக்கு இல்ல) 46 டிகிரி உயரத்துக்கு மேல ஏறாது. அதாவது உச்சி வெயில்லயே ஒரு ஆளோட நிழல் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு தரையில விழும். ஜூன்ல வந்தா கதையே வேற, கடக ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர், சூரியன் நேரா மண்டைக்கு மேல நிக்கும், கண்ணுக்குழி எல்லாம் கருப்பா விழும், மனுஷங்க முகத்தை எடுக்கவே முடியாது. அதனால பெரிய ஊர் போட்டோ ட்ரிப்புக்கு எந்த மாசம் போறோம்ங்கிறது எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போறோம்ங்கிறத விட முக்கியம்னு நான் சொல்லுவேன்.

திசையும் பார்த்து வச்சுட்டேன். ஹூக்ளி ஆறு இங்க வடக்கேர்ந்து தெற்கே போகுது, கிழக்குக் கரையில கொல்கத்தா, மேற்குக் கரையில ஹவுரா. காலையில கொல்கத்தா கரையில நின்னா சூரியன் முதுகுக்குப் பின்னாடி, ஆத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் விழும். சாயங்காலம் அதே கரையில நின்னா சூரியன் ஆத்துக்கு அந்தப் பக்கம் இறங்கும். ரெண்டு நேரத்துக்கும் ஒரே கரை, வேற வேற இடம். விக்டோரியா மெமோரியல்தான் ஏமாத்தும். எல்லாரும் வடக்கு வாசல்ல, ராணி சிலைக்கு முன்னாடி நின்னுதான் படம் எடுப்பாங்க, ஆனா குளிர்காலத்துல சூரியன் நாள் முழுக்க தெற்கே சாஞ்சே ஓடுறதால வடக்கு முகத்துல நேர் வெயில் விழவே விழாது. தெற்குப் பக்கத் தோட்டத்துக்குத்தான் போகணும். இத மேப்பை மட்டும் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம், ஆப் எல்லாம் வேணாம், இருந்தாலும் நான் போட்டோபில்ஸ்ல ஒரு தடவை சரி பார்த்துக்கிட்டேன்.

மணி பன்னெண்டாகப் போகுது. படுக்கறேன்.

வெள்ளி

இன்னைக்குக் கேமரா பையை ரூம்லயே வச்சுட்டுப் போனோம். தம்பிக்கு நம்பவே முடியல, "நிஜமாவா அக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான்.

கேமரா கையில இருந்தா இடத்தைப் பார்க்க மாட்டோம், படத்தைத்தான் பார்ப்போம். வெறுங்கையோட போனாத்தான் எங்க நிக்கலாம், எங்கேர்ந்து கூட்டம் வருது, எந்தத் தூண் மறைக்குது, எந்த நாய் துரத்துது எல்லாம் தெரியும். போன்ல மட்டும் நிக்கப் போற இடத்தையெல்லாம் ஒவ்வொண்ணு கிளிக் பண்ணி வச்சுக்கிட்டேன், அது படத்துக்கு இல்ல, நாளைக்கு இருட்டுல அடையாளம் கண்டுபிடிக்க.

மல்லிக் காட் (காட்னா படித்துறை) பூ மார்க்கெட்டுக்கு முதல்ல போனோம். ஹவுரா பாலத்தோட கொல்கத்தா முனையில, பாலத்துக்கு அடியிலயே ஒட்டினாப்ல இருக்கு. பகல்லயே அந்தக் கூட்டம்னா விடிகாலையில எப்படி இருக்கும்னு தம்பி மிரண்டுட்டான். பாலத்துலேர்ந்து மார்க்கெட்டுக்கு இறங்குற படிக்கட்டு, அதுலேர்ந்து ஆத்தங்கரைப் படித்துறைக்குப் போற வழி, ரெண்டையும் நடந்து பார்த்து வச்சோம். மூட்டை தூக்குறவங்க எந்தப் பாதையில ஓடுறாங்கன்னு கவனிச்சு, அந்தப் பாதை வளையற இடத்துல ஒரு சுவரோரம் பார்த்தேன், அங்க நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்ல. இது ரொம்ப முக்கியம். தலையில முப்பது நாப்பது கிலோவோட வர்றவரை நம்ம படத்துக்காக ஒரு செகண்ட் நிக்க வச்சாலும் அது அநியாயம்.

பாலத்து மேல நடந்து ஹவுரா பக்கம் போனோம். மேல நின்னு படம் எடுக்கக் கூடாதுன்னு ரொம்ப காலமா ஒரு கட்டுப்பாடு இருக்கு, பெரிய கேமராவத் தூக்கினா போலீஸ்காரங்க விட மாட்டாங்க, அதனால எங்க பிளான்ல பாலத்து மேலேர்ந்து ஒரு படமும் கிடையாது. அதுக்கு பதிலா படகு இருக்கே. ஹவுரா ஸ்டேஷன் எதிர்ல ஃபெர்ரி துறை, அங்கேர்ந்து ஷோபாபஜார் பக்கம் வடக்கே போற படகு சரியா பாலத்துக்கு அடியில நுழைஞ்சுதான் போகும். அண்ணாந்து பார்த்தா அந்த இரும்புக் காடு. 1943-ல திறந்தது, 26,500 டன் இரும்பு, நடுவுல ஆத்துக்குள்ள ஒரு தூணும் இல்லாம 457 மீட்டர், மொத்தமும் நட்டு போல்ட்டு இல்லாம ரிவெட் அடிச்சே சேர்த்தது. படகுல எந்தப் பக்கம் நிக்கணும்னும் பார்த்துக்கிட்டேன்: வலது பக்கம், முன்னாடி, கம்பிக்குப் பக்கத்துல. காலையில அந்தப் பக்கம்தான் எதிர்வெயில், குளிக்கிற ஆளுங்க எல்லாம் கரு நிழலாத் தெரிவாங்க.

ஷோபாபஜார்ல இறங்கி கொஞ்சம் நடந்தா குமோர்டுலி. சாமி பொம்மை பண்றவங்க தெரு. துர்கா பூஜைக்கு முன்னாடி வந்தா இங்க கேமராக்காரங்க கூட்டம் பொம்மைக் கூட்டத்தை விட ஜாஸ்தியா இருக்கும். இப்ப சரஸ்வதி சீசன். நமக்கு சரஸ்வதி பூஜை நவராத்திரியோட போயிடுது, இவங்களுக்கு வசந்த பஞ்சமிக்கு, அதனால சந்து முழுக்க சாண் உயரத்துலேர்ந்து ஆள் உயரம் வரைக்கும் வரிசையா சரஸ்வதி, பாதிக்குத் தலை இல்ல, பாதிக்குக் கை இல்ல, அன்னம் மட்டும் எல்லாருக்கும் ரெடி.

ஒரு பட்டறையில வயசானவர் ஒருத்தர் வேலை பார்த்துட்டு இருந்தார். கேமரா இல்லாம போனதோட பெரிய லாபம் இங்கதான். வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தோம், அவரா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வரி பெங்காலியில, "தாதா, காலைக்கு வந்து ஏக்டா சோபி துல்போ?"ன்னு (தாதான்னா இங்க அண்ணா, ஒரு படம் எடுத்துக்கவான்னு அர்த்தம்) பாதி தமிழ் கலந்து கேட்டேன், சிரிச்சுட்டார். நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல வா, அதுக்கு முன்னாடி வெளிச்சம் இருக்காதுன்னு அவரே சொன்னார். அந்த சந்துக்கு எப்ப வெயில் வரும்னு அங்கயே வாழ்க்கை பூரா வேலை பார்க்கிறவருக்குத் தெரியாம எந்த ஆப்புக்குத் தெரியப் போகுது.

பட்டறைக்கு மேல நீலக் கலர் தார்ப்பாய் கட்டியிருக்கு. வெளிச்சம் அது வழியா வர்றதால எல்லா களிமண்ணும் நீலமா தெரியுது. நாளைக்கு ஆட்டோ வொயிட் பேலன்ஸை (கேமரா தானா கலரைச் சரி பண்றது) நம்பக் கூடாதுன்னு குறிச்சு வச்சேன்.

தட்சிணேஸ்வர் போகணும்னு தம்பி கேட்டான். கோயிலுக்குள்ள போன், கேமரா எதுவும் கொண்டு போக முடியாது, அதனால ஞாயித்துக்கிழமை சாமி கும்பிட மட்டும் போலாம்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை லிஸ்ட்ல ஒரு இடம் சேர்த்தா இன்னொரு இடம் செத்துப் போகும். டிராமையும் அப்படித்தான் தூக்கிட்டேன், மனசில்லாம. 1873-ல குதிரை இழுத்து ஆரம்பிச்சது, 1902-ல கரண்டுக்கு மாறினது, 2024-ல எஸ்பிளனேட் மைதான் பக்கத்து ஹெரிடேஜ் ரூட்டைத் தவிர மத்ததை நிறுத்தப் போறோம்னு மாநில அமைச்சர் அறிவிச்சாரு. அதனால டிராம் எப்ப வரும்னு நம்பி ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியாது. வழியில கண்ணுல பட்டா பதினஞ்சுல ஒரு பங்கு செகண்ட்ல பேன் பண்ணி (டிராம் போற பக்கமே கேமராவைத் திருப்பிக்கிட்டே) ஒண்ணு எடுத்துக்கலாம், படலன்னா இல்ல.

ராத்திரி பை கட்டினேன். ஒரு கேமரா பாடி, 35 எம்எம், 85 எம்எம்னு ரெண்டு லென்ஸ், அவ்வளவுதான். ஜூம் லென்ஸ் ரூம்ல. ட்ரைபாடும் ரூம்ல, படித்துறையில கைப்பிடிச் சுவர் இருக்கு, அது மேல துணியை மடிச்சு வச்சா போதும். பேட்டரி மூணு, கார்டு ரெண்டு, மத்தியானம் கார்டை மாத்திட்டு காலைக் கார்டு தம்பி பையில போயிடும். கேமராவைத் திருடு கொடுத்தா வாங்கிக்கலாம், காலையில எடுத்த படத்தைத் திரும்ப வாங்க முடியாது. தம்பியோட வேலை: தண்ணி, பிஸ்கட், பவர் பேங்க், மணி பார்க்கிறது. மணி பார்க்கிற வேலை அவனுக்குப் பிடிச்சுப் போச்சு.

சனி

எல்லாத்தையும் எழுத முடியாது, கண்ணு சொருகுது, முக்கியமானத மட்டும் எழுதறேன்.

அஞ்சு மணிக்கு முந்தின நாளே சொல்லி வச்ச மஞ்சள் டாக்சி. அம்பாசடர்தான், 2014-ல கம்பெனி காரைப் பண்றதையே நிறுத்திடுச்சு, இருக்கிற வண்டியும் வயசு வரம்பு வந்து ஒவ்வொண்ணா ரோட்டை விட்டுப் போயிட்டு இருக்கு. பின் சீட்டு சோஃபா கணக்கா இருந்துச்சு, தம்பி அஞ்சு நிமிஷத்துல குறட்டை.

பனி. சும்மா இல்ல, செம மூடுபனி. மல்லிக் காட்ல இறங்கினா பாலத்தையே காணோம், சத்தம் மட்டும் மேலேர்ந்து வருது. இது ஜனவரியில நடக்கிறதுதான்னு தெரிஞ்சு பனி இருந்தா என்ன பண்றதுன்னு தனியா எழுதி வச்சிருந்தேன்: தூரத்தை விட்டுடு, கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறதை எடு, எக்ஸ்போஷரை (படத்துல விழுற வெளிச்சத்தோட அளவு) முக்கால் ஸ்டாப் ஏத்து. பனிய பார்த்தா கேமரா மீட்டர் ஏமாந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிடும், வெள்ளையை வெள்ளையா வைக்கணும்னா நாமதான் மேல தள்ளணும். பூ மார்க்கெட்டுக்கு அது வரப்பிரசாதம். பின்னாடி இருக்கிற குப்பை, ஒயரு, போர்டு எல்லாம் பனிக்குள்ள போயிடுச்சு, முன்னாடி ஆரஞ்சு செண்டுப்பூ சரம் மட்டும் குண்டு பல்பு வெளிச்சத்துல நிக்குது. இருபது முப்பது சரத்தை ஒண்ணா தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் விலை பேசறார், ஈரம் அவர் ஸ்வெட்டர்ல சொட்டுது, பேச்சுல வாயிலேர்ந்து வர்ற ஆவி கூட படத்துல விழுந்திருக்கு. சுவரோரம் நேத்து பார்த்து வச்ச இடத்துல ரொம்ப நேரம் நின்னேன். நகரவே இல்ல. இடத்துக்கு இடம் ஓடுறதை விட ஒரு நல்ல இடத்துல நின்னுட்டு ஆளுங்க வர்றதுக்குக் காத்திருக்கிறதுதான் எனக்குச் சரியா வரும்.

6.18-க்கு சூரியன் வந்திருக்கும், எங்களுக்குத் தெரியல. ஏழரைக்கு மேலதான் பாலத்தோட மேல் விளிம்பு மட்டும் முதல்ல தெரிஞ்சுது, கீழ ஒண்ணும் இல்ல, இரும்பு அந்தரத்துல தொங்குது. 85-ஐ மாட்டி ரிவெட் வரிசையை மட்டும் எடுத்தேன். தம்பி மண் குவளையில டீ வாங்கிட்டு வந்து நீட்டினான், "அக்கா எட்டாகப் போகுது, படகு"ன்னான். கேமராவைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிக்கிட்டு பாலத்தை நடந்து கடந்தோம்.

படகுல வலது பக்கம் முன்னாடி இடம் கிடைச்சுது. பனிக்குள்ள எதிர்வெயில், பாலத்து நிழல் படகு மேல விழுந்து நகர்ந்து போறதுக்குள்ள எடுத்துடணும், சில செகண்ட்தான், நேத்து ஒரு தடவை அதே படகுல போயிட்டு வந்ததால எப்ப நிழல் வரும்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தப் படம்தான் இன்னைக்கு எனக்குப் பிடிச்சது. ஒரு அம்மா முக்காடு போட்டுக்கிட்டு கூடையோட உக்காந்திருக்காங்க, நிழல் அவங்க மடி வரைக்கும் வந்து நிக்குது.

குமோர்டுலில தாதா ஒன்பதரைக்கு ஆள் உயர சரஸ்வதிக்கு விரல் வச்சுட்டு இருந்தார். இதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். உள்ள மூங்கில், அதைச் சுத்தி வைக்கோலை சணல் கயித்தால இறுக்கிக் கட்டி உடம்பு, அது மேல களிமண். முகம் அச்சுல எடுத்துத் தனியா வரும். விரலைத் தனித்தனியா உருட்டி வச்சிருக்கார், ஒவ்வொண்ணா எடுத்து உள்ளங்கையில பொருத்தறார், சேர்ற இடத்துல மண்குழம்புல நனைச்ச துணிக் கீத்தைச் சுத்தி, மேல கட்டை விரலால ஒரே இழுப்பு. மூட்டு மறைஞ்சு போச்சு. காஞ்சதும் அங்க வெடிப்பு விடக் கூடாதுங்கிறதுக்குத்தான் அந்தத் துணி. அவர் விரல் நகத்துக்குள்ள இருக்கிற மண்ணும் அம்மன் விரல் மண்ணும் ஒரே கலர், எந்த விரல் யாருதுன்னு படத்துல ஒரு நொடி குழம்பும். அதுக்காகவே 35-ஐ கிட்டக்க கொண்டு போய் எடுத்தேன். நீலத் தார்ப்பாய்க்கு ஒரு வெள்ளைப் பேப்பரைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வச்சேன், பேப்பர் எதுக்குன்னு கேட்டார், சொன்னேன், அப்புறம் அவரும் அந்தப் பேப்பரை வாங்கி பொம்மைக்குப் பக்கத்துல பிடிச்சுப் பார்த்தார்.

கிளம்பும்போது அவர் ரிசல்ட்டைக் காட்டுன்னு கேக்கல. பிரிண்ட் போட்டுக் கொண்டு வரியான்னு கேட்டார். வரேன்னேன்.

ஷோபாபஜார் மெட்ரோலேர்ந்து நேரா பார்க் ஸ்ட்ரீட், வண்டி மாற வேண்டியதில்ல, அதுக்காகவும்தான் அந்த மத்தியானத்தைப் பிடிச்சேன். பன்னெண்டு மணிக்கு சாப்பாடு, டாய்லெட், சார்ஜ், கார்டு மாத்தறது எல்லாம் ஒரே டேபிள்ல முடிஞ்சுது. தம்பி மேசையில தலை வச்சுத் தூங்கினான். நான் காலைப் படத்தையெல்லாம் கேமரா ஸ்கிரீன்ல பார்க்கலை, பார்க்கவும் கூடாது, பார்த்தா ஒண்ணு தலை கனக்கும் இல்லன்னா மனசு உடையும், ரெண்டுமே சாயங்காலத்துக்கு ஆகாது.

அப்புறம் கல்லறைத் தோட்டம். வெளியில ஹாரன் காது கிழியுது, கேட்டுக்குள்ள போனதும் பாதி சத்தம் போயிடுது. பாசி பிடிச்ச மண்டபங்கள், இலை வழியா திட்டுத் திட்டா வெயில். திட்டு வெயில்ல எக்ஸ்போஷர் வைக்கிறது தலைவலி, நான் வெளிச்சத் திட்டுக்கு வச்சுட்டு நிழலைக் கருப்பா விட்டுடுவேன், அதான் அந்த இடத்துக்கு அழகும். ஏசியாட்டிக் சொசைட்டிய 1784-ல ஆரம்பிச்ச வில்லியம் ஜோன்ஸ் இங்கதான் இருக்கார், ஊசி மாதிரி ஒசந்த தூண். நிறைய கல்லுல வயசு இருபது, இருபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு, கப்பல் ஏறி வந்து இந்த ஊர்க் காய்ச்சலுக்குப் போன பசங்க. தம்பி வயசு. அவன் அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் பேய் இருக்குமான்னு கேட்டான்.

விக்டோரியா தெற்குத் தோட்டம் மூணு மணிக்கு. கணக்குப்படியே தென்மேற்கு வெயில் மார்பிள்ல சாய்வா விழுந்துச்சு. 1906-ல அடிக்கல், 1921-ல திறப்பு, ராஜஸ்தான் மக்ரானா கல்லு, எல்லாம் சரி, ஆனா எனக்கு அங்க எடுக்க ஒண்ணும் தோணல. எல்லாரும் எடுத்த படத்தை நானும் ரெண்டு எடுத்துட்டு, புல்தரையில உக்காந்திருந்த காதலர்களைத் தொந்தரவு பண்ணாம கிளம்பிட்டோம். அடுத்த தடவை இந்த ஒரு மணி நேரத்தையும் குமோர்டுலிக்கே கொடுத்துடுவேன்.

நாலேகாலுக்கு பிரின்செப் காட். வெள்ளைத் தூண் மண்டபம், 1840-கள்ல கட்டினது. பிரின்செப்புங்கிறவர் கல்கத்தா நாணயச்சாலையில வேலை பார்த்தவர், அசோகர் கல்வெட்டுல இருந்த பிராமி எழுத்தைப் படிச்சுச் சொன்னவர். நம்ம ஊர்ப் பானை ஓட்டுக் கீறலையெல்லாம் இன்னைக்குப் படிக்கிறோம்னா அதுக்கு இவர் போட்ட அஸ்திவாரமும் ஒரு காரணம், அதனால ஒரு கும்பிடு போட்டுட்டு ஆத்தங்கரைக்குப் போனோம். தெற்கே பக்கத்துலயே வித்யாசாகர் சேது, 1992-ல திறந்த கம்பிப் பாலம், அதுக்கும் நடு நீளம் 457 மீட்டர்தான், ஹவுரா பாலத்தோட அதே நம்பர். குளிர்காலங்கிறதால சூரியன் தெற்கே ஒதுங்கி பாலத்துப் பக்கமா இறங்குது. கோடை காலத்துல வடக்கே தள்ளிப் போயிடும், இந்த ஃபிரேம் கிடைக்காது.

5.11 ஆனதும் கூட்டத்துல பாதி எந்திரிச்சுப் போயிடுச்சு. போறவங்க போகட்டும்னு உக்காந்திருந்தேன். இந்த ஊர் இருக்கிற அட்சரேகைக்கு சூரியன் இறங்கினப்புறம் நீல வெளிச்சம் இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான் தாங்கும், அதுலயும் வானமும் பாலத்து விளக்கும் ஒரே அளவு வெளிச்சமா இருக்கிறது நடுவுல ஒரு அஞ்சு ஆறு நிமிஷம். சுவர் மேல துண்டை மடிச்சு வச்சு, அது மேல கேமரா, ரெண்டு செகண்ட் டைமர், நாலு செகண்ட் ஷட்டர். படகுக்காரர் ஒருத்தர் லாந்தரோட ஃபிரேமுக்குள்ள வந்து அங்கயே நின்னுட்டார், நகரவே மாட்டேங்கிறார், நாலு செகண்ட்ல அவர் விளக்கு மட்டும் ஒரு சின்னக் கோடா விழுந்திருக்கு. பின்னாடி சர்க்குலர் ரயில் கூவிக்கிட்டுப் போச்சு, சுவரே அதிர்ந்துச்சு, ஒரு படம் ஷேக்.

"அக்கா, இன்னுமா?"

சத்தியம் 5.35 வரைக்கும் தாங்குச்சு. பரவாயில்ல, பெரிய விஷயம்தான்.

ஞாயிறு

காலையில தட்சிணேஸ்வர், தம்பிக்குச் சொன்னபடியே. நல்ல தரிசனம்.

திரும்பி வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தேன். எப்பவும் போல பெருசா எதிர்பார்த்தது ஒண்ணும் தேறல, ஹவுரா பாலம் முழுசா தெரியற படம் ஒண்ணு கூட இல்ல. பூ மார்க்கெட்ல கொஞ்சம், படகுல அந்த அம்மா, கல்லறையில ரெண்டு, நீல வெளிச்சத்துல ஒண்ணு. மத்தியானத்துக்கு அப்புறம் எடுத்ததுல வேஸ்ட் கம்மி, இதுதான் நான் எதிர்பார்த்ததும், சாப்பிட்டு உக்காந்து எழுந்த ஆளோட கை அது. விக்டோரியா ஃபோல்டரை மொத்தமா டெலீட் பண்ணிட்டேன், தம்பி நிக்கிற ஒண்ணைத் தவிர, அம்மா கேப்பாங்க.

தாதாவோட விரல் படத்தை பக்கத்துல ஒரு ஸ்டுடியோல பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு சாயங்காலம் குமோர்டுலிக்குப் போனோம். அவர் கையை லுங்கியில துடைச்சுட்டு வாங்கினார், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சார், பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் என்னமோ விவாதம் பண்ணினாங்க. நல்லா இருக்கான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கு தீதி, ஆனா இந்த மோதிர விரல் வளைவு சரியில்லாம இருந்தப்ப எடுத்துட்டே, நீ போனப்புறம் நான் அதைப் பிச்சுட்டு வேற வச்சேன், வந்து பாருன்னு உள்ள கூட்டிட்டுப் போனார். நிஜமாவே வேற விரல், வீணைத் தந்தியத் தொடப் போற மாதிரி கொஞ்சம் மேல தூக்கி இருந்துச்சு. இதை எடு, அதைத் தூக்கிப் போட்டுடுன்னார். கேமரா ரூம்ல. போன்ல எடுத்தேன். அது எப்படி இருக்குன்னு பார்த்துட்டு, இதுல ரெண்டு காப்பி அனுப்பு, ஒண்ணு என் பொண்ணுக்குன்னு அட்ரஸ் எழுதச் சொல்லி தம்பிகிட்ட பேனாவைக் கொடுத்தார்.